வில்ஃப் சிரித்த காட்சி

மெய்சி பிரூவெட்டுக்கு வாய், எனக்கு உடம்பு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றில் நாங்கள் நடித்த நகைச்சுவைப் படத்தில் அவள் எஜமானி, நான் வேலைக்காரி. அவள் ஒரு வசனம் பேசுவாள். நான் பீங்கான் தட்டுகளோடு மாடிப்படியில் உருண்டு வருவேன். அந்தப் படத்தில் ஒரு பிலிம் சுருள்கூட இன்று மிஞ்சவில்லை. மிஞ்சியிருந்தால் ஊர் யாரைப் பார்த்துச் சிரித்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

போன சனிக்கிழமை மத்தியானம் லண்டனில் பழைய பட ரசிகர்கள் கூட்டம் போட்டார்கள். படத்தின் சத்தம் மட்டும் பதிந்த ரெக்கார்டு ஒன்று யார் வீட்டுப் பரணிலோ கிடைத்ததாம். மெய்சிக்கு மேடை, பூச்செண்டு. எனக்கு மூன்றாம் வரிசை, ஆறிப்போன டீ. அறுபதைத் தாண்டியும் அவளுக்கு அந்த உதட்டுச் சாயம் வேறு!

செயலாளர் ஆஷ்பி எழுந்தார். "இதுல ஒரு அதிசயம் இருக்குங்க. ஷூட்டிங்ல யாரோ அடக்க முடியாம சிரிச்சிருக்காங்க. மெய்சி அம்மா வசனம் அப்படி!"

என்ன அநியாயம்! பேசும்படம் எடுக்கும் இடத்தில் அப்போது தும்மினாலே வேலை போய்விடும். அங்கே சிரித்தது மைக் பிடித்திருந்த வில்ஃப். மறுபடி எடுக்க மனமில்லாத கஞ்ச முதலாளி சிரிப்பை அப்படியே விட்டுவிட்டார். நான் விழுந்ததைப் பார்த்துத்தான் சிரித்ததாக வில்ஃப் அன்று சாயங்காலம் என்னிடம் சொன்னார். அதற்காகவே அவரைக் கட்டிக்கொண்டேன்.

பக்கத்தில் பன் தின்றுகொண்டிருந்த வில்ஃபின் விலாவில் இடித்தேன். "எந்திரிச்சு சொல்லுய்யா!"

"விடு ஹில்டா. இப்ப எதுக்கு அதெல்லாம்?"

நானே எழுந்தேன். "அது எம் புருஷன் சிரிப்பு. என்னைப் பாத்து சிரிச்சது. கேளுங்க, தட்டு உடையும், உடனே சிரிப்பாரு!"

"அடியே, இன்னுமா உனக்கு என்மேல அந்த எரிச்சல்?" என்றாள் மெய்சி, மேடையிலிருந்து. கூடமே சிரித்தது.

ஆஷ்பி ரெக்கார்டில் ஊசியை வைத்தார். கரகரவென்ற சத்தத்துக்குள்ளிருந்து மெய்சி குழைந்து குழைந்து பேசினாள். வசனம் முடிந்தது. முடிந்ததும் வில்ஃபின் சிரிப்பு, மூச்சுத் திணறுகிற சிரிப்பு. அது ஓய்ந்தது. அதற்கு அப்புறம்தான் தட்டுகள் உடைந்தன. ஒவ்வொரு படியாக நான் உருண்டு கீழே வந்து சேரும்வரை ஒருவரும் சிரிக்கவில்லை.

வில்ஃப் என் கையைத் தேடினார். நான் கொடுக்கவில்லை.