பச்சை பிடித்தவள்

கணவன் இறந்த மூன்றாம் வாரம் வேலைக்குத் திரும்பியவளுக்கு, அன்று பிற்பகலுக்குள் இரண்டு கைகளும் முழங்கைவரை பச்சையாகிவிட்டன. பயிர் ஆய்வுக்கூடத்தில் நாற்றுத் தட்டுகளை விளக்குகளுக்குக் கீழே அடுக்குவதும், எந்தத் தட்டு எத்தனை மணிக்குப் பச்சை பிடித்தது என்று எழுதுவதும் அவள் வேலை. தன் கைகளுக்கும் எழுதிவைத்தாள்: மூன்று இருபது. சோப்புப் போட்டுத் தேய்த்தாள், போகவில்லை, விட்டுவிட்டாள். வாரக் கடைசியில் பச்சை கழுத்துவரை ஏறியது. பசி நின்றுபோனது. அழுகை அதற்கு முன்பும் வந்திருக்கவில்லை.

ஆய்வுக்கூடத் தலைவர் அவள் தோலில் கடுகளவு எடுத்துச் சோதித்தார். இலைக்குள் உறங்கும் மரபணுக்களை வெளிச்சம்தான் தட்டி எழுப்புகிறது, அவை எழுந்தால்தான் இலை பச்சையாகித் தன் உணவைத் தானே செய்துகொள்கிறது என்று இருபது வருடமாகச் சொல்லிவந்தவர் அவர். அதே மரபணுக்கள் அவளுக்குள்ளும் விழித்திருந்தன.

“எப்படி வந்துச்சுன்னு தெரியலம்மா. இருட்டுல இருந்தா அடங்கிடும்.”

“சரிங்க சார்.” அந்த நாட்களில் அவள் எல்லாவற்றுக்கும் சரி என்றுதான் சொன்னாள்.

நாற்றுகளை வெளிறவிடும் இருட்டறையில் கட்டில் போட்டார்கள். துணைக்கு நாத்தனார் வந்தாள். மூன்றாம் நாள் பசி எடுத்தது. பசியின் பின்னாலேயே கணவனும் வந்தான்: குளியலறையில் அவன் தொண்டையைச் செருமுவது, சட்டைப் பொத்தானை மாற்றிப் போடுவது, இதோ வந்துடறேன் என்று படியிறங்கியது. அவள் வாய்விட்டு அழுதாள்.

“அழுங்க அண்ணி,” என்று நாத்தனார் இருட்டில் துழாவி அவளைப் பிடித்துக்கொண்டாள். “அண்ணனுக்காக இத்தன நாளா நான் ஒருத்தியே அழுதுட்டிருந்தேன்.”

நான்கு நாள் இருவரும் அழுதார்கள், சாப்பிட்டார்கள், மறுபடி அழுதார்கள். எட்டாம் நாள் கதவு திறந்தபோது அவள் முளைத்தண்டுபோல வெளுத்திருந்தாள். வீட்டுக்குப் போனதும் ஜன்னல் திரையை விலக்கி வெயிலில் உட்கார்ந்தாள்.

“ஏன் அண்ணி?”

“தாங்க முடியலடி. கொஞ்சம் கொஞ்சமாத்தான் என்னால அழ முடியும்.”

மதியத்துக்குள் பச்சை திரும்பியது. வருடங்கள் போயின. ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு மழை நாட்களில் விடுப்பு என்று ஆனது. யாரும் காரணம் கேட்பதில்லை. வானம் இரண்டு நாள் தொடர்ந்து மூடிக்கிடந்தால் நாத்தனார் குடையோடு பேருந்து ஏறிவிடுவாள். அண்ணி வெளுத்துப்போய் வாசலில் நிற்பாள். இருவருமாகச் சமைத்து, வயிறாரச் சாப்பிட்டு, மனசாற அழுவார்கள்.

“வெயில் வந்துருச்சு அண்ணி, கிளம்பட்டுமா?”

“சரிம்மா, பார்த்துப் போ.”