இருபத்தெட்டு மதிப்பெண்

லேத் பட்டறைக்காரர் வரைந்த இரண்டு தாள்களையும் மேசைமேல் அருகருகே வைத்துக்கொண்டு கணக்குப் பார்த்தாள் பயிற்சி சிஸ்டர். முதல் தாள் மூன்று வாரத்துக்கு முந்தியது. நோயாளிக்கு வயிற்றுக் குழாய் வழியாக வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துவிடப் பழக வருகிற உறவினர்களிடம் முதல் நாளே ஒரு வெள்ளைத் தாளை நீட்டிவிடுவாள். "தெரிஞ்சதையெல்லாம் வட்டம் போட்டு எழுதுங்க. எதுக்கும் எதுக்கும் சம்பந்தம் இருக்கோ, அதுங்க நடுவுல கோடு போட்டு, என்ன சம்பந்தம்னு அதுமேல எழுதுங்க." பயிற்சி முடிந்ததும் இன்னொரு தாள். சரியான கோட்டுக்கு ஒரு மதிப்பெண். இருபத்தைந்து வந்தால் நோயாளி அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம்; வராவிட்டால் இன்னும் இரண்டு வாரம் வார்டுதான்.

முதல் தாளில் நட்டநடுவே பெரிதாக 'என் மனைவி'. சுற்றிலும் கிட்னி, உப்பு, பயம், பெரிய டாக்டர். எல்லாக் கோடும் மனைவியிடமே போய் முட்டிக்கொண்டு நின்றது. நான்கு மதிப்பெண். இரண்டாவதில் மனுஷர் பின்னி எடுத்திருந்தார். கைகழுவல், குழாய் மூடி, திரவப் பை, எடை, வீக்கம், வலி. திரவம் கலங்கினால் கிருமி, கிருமி என்றால் உடனே போன். இருபத்தெட்டு.

ஆனாலும் கையெழுத்துப் போட சிஸ்டருக்குக் கை வரவில்லை. போன மாதம் ஒரு வாத்தியார் முப்பத்தொன்று எடுத்துவிட்டுத் தன் அண்ணனைக் கூட்டிப்போனார். ஆறாம் நாள் அண்ணன் கிருமி பரவிய வயிற்றோடு திரும்பி வந்தார். இரண்டு நாளாகவே வலியாம். தம்பிக்குத்தான் எல்லாம் தெரியுமே என்று வாயைத் திறக்காமல் படுத்திருந்தாராம். பிழைத்துக்கொண்டார் என்பது வேறு விஷயம். வாத்தியாரின் தாளைச் சலித்துச் சலித்துப் பார்த்துவிட்டாள். ஒரு கோடுகூடத் தப்பில்லை.

"என்ன சிஸ்டர், தேறுவேனா?" நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த பட்டறைக்காரர் கேட்டார்.

பக்கத்திலிருந்த மனைவி தாள்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "முதல்ல நடுவுல ராணி மாதிரி உக்காரவெச்சிருந்தீங்க. இப்ப ஆளையே காணோமே."

"எல்லாமே உனக்காகத்தானே. உன்ன வேற தனியா எழுதணுமா?"

சிஸ்டருக்கு வந்த சிரிப்பு பாதியில் நின்றது. இழுப்பறையிலிருந்து, திருத்துவதற்கு வைத்திருந்த மாதிரி விடைத்தாளை எடுத்தாள். மாதக்கணக்காக உட்கார்ந்து அவளே தயாரித்தது. நாற்பது வட்டம். மூடி இருந்தது, சோப்பு இருந்தது, குப்பைத்தொட்டிகூட இருந்தது. நோயாளி இல்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"அம்மா, வீட்டுல இருக்கறப்ப வயிறு வலிச்சா என்ன செய்வீங்க?"

"இவர்கிட்ட சொல்லுவேன்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "பட்டறையில இருந்தார்னா, சாயங்காலம் வரட்டும்னு இருப்பேன். வேலை நேரத்துல எதுக்கு அவரப் பதற வைக்கணும்."

பட்டறைக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. "சாயங்காலம் வரைக்குமா?" என்றார் மெதுவாக.

சிஸ்டர் பென்சிலை நீட்டினாள், அவரிடம் இல்லை. மனைவி வாங்கிக்கொண்டாள். பழையபடி நடுவில் இடம் தேடுவாள் என்று பார்த்தால் தேடவில்லை. இரண்டாவது தாளின் ஓரத்தில், 'வலி'க்கும் 'போனு'க்கும் இடையே கிடந்த துளி இடத்தில் சின்ன வட்டம் போட்டு 'நான்' என்று எழுதினாள். அங்கிருந்து போனுக்கு ஒரு கோடு. அதன்மேல் எழுதத்தான் நேரமாயிற்று: 'யாருக்கும் காத்திருக்க மாட்டேன்.'

அந்தக் கோட்டை யார் கணக்கில் சேர்ப்பது என்று சிஸ்டருக்குத் தெரியவில்லை. பென்சிலை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினாள். மனைவி கொடுக்கவில்லை. 'நான்' வட்டத்திலிருந்து இன்னொரு கோடு கிளம்பி, வளைந்து நெளிந்து தாளின் அந்தக் கோடிக்குப் போய்க்கொண்டிருந்தது. பட்டறைக்காரர் முழங்கையை எடுத்து அதற்கு வழிவிட்டார்.