பின்மூடியைக் கழற்றிய நாள்

பஞ்சலிங்கத்தின் கணினிக் கடைக்குள் நானும் அப்பாவும் போனபோது என் கையில் ஒரு கொப்பித்தாள் இருந்தது. பொறியியல் பீடத்தில் எனக்கு ஒரு வருடம் முன்னால் சேர்ந்த அக்காமாரிடம் கேட்டுக் கேட்டு எழுதிய தாள். வரைபட மென்பொருள் தடங்கலில்லாமல் ஓடவேண்டும், அதற்குத் தனிக் கிராபிக்ஸ் வேண்டும், நினைவகம் பதினாறு ஜிபிக்குக் குறையக்கூடாது, பாரமென்றாலும் பரவாயில்லை. இப்படி ஒரு பக்கம்.

அப்பா கொடிகாமம் சந்தையிலிருந்து கொழும்புக்குப் பலாப்பழமும் தேங்காயும் ஏற்றுகிற லொறி ஓடுகிறவர். பெயர் சோமசேகரம். லொறிக்குள் ராசா மாதிரி இருப்பார். யாழ்ப்பாணப் பட்டணத்துக் கண்ணாடிக் கதவுக் கடைக்குள் போனால் செருப்பைக் கழற்றுவதா விடுவதா என்று யோசிப்பார்.

பஞ்சலிங்கம் என் தாளை வாங்கினார். வாசிக்கவில்லை. மேசையில் வைத்து அதன்மேல் தன் தேத்தண்ணிக் கோப்பையை வைத்தார்.

"தங்கச்சி, நீர் கேக்கிறது பெடியள் கேம் விளையாடுற சாமான். செங்கல்லுப்போலை பாரம். உமக்கு அதேன்?" என்றுவிட்டு உள்ளே போய் வெள்ளி நிறத்தில் ஒன்றைக் கொண்டுவந்தார். "இஞ்சை பாருங்கோ அண்ணை. நிமித்தினால் லப்டொப். பின்னாலை மடிச்சால் ரப்லெட். பேனையாலை எழுதலாம். பொம்பிளைப் பிள்ளை, தோளிலை கொழுவிக்கொண்டு பஸ்ஸிலை போய் வரலாம்."

"இதிலை தனிக் கிராபிக்ஸ் இருக்கோ?" என்று கேட்டேன்.

"பிள்ளை, கொஞ்சம் பொறும். நான் அப்பாவோடை கதைக்கிறன்."

அப்பா அதை மடித்தும் நிமிர்த்தியும் பார்த்தார். அந்தப் பேனையை எடுத்து, திரையில் என் பெயரை எழுதினார். சாருஜா. அவர் எழுதிய கோடு உடனே கறுப்பாக விழுந்ததும் சின்னப்பிள்ளை போலச் சிரித்தார். "வடிவாயிருக்கு பிள்ளை. என்ன சொல்லுறாய்?"

அந்தச் சிரிப்புக்கு முன்னால் நான் இல்லையென்று சொல்லியிருக்கவேண்டும். "ஓம் அப்பா" என்றேன்.

வரைபட மென்பொருளை அது திறக்கவே ஏழு நிமிடம் எடுத்தது. நாலு கோடு இழுத்தால் உறைந்துவிடும். நான் விடியவிடிய அதோடு மல்லுக்கட்டி, ஒரு பாலத்தின் வரைபடத்தை எப்படியோ முடித்துக்கொண்டிருந்தேன். ஒப்படைக்க இரண்டு நாள் இருக்கும்போது விசைப்பலகை நடுவில் பொங்கி எழுந்தது. காலையில் திரை வெடித்திருந்தது. வரைபடம் போய்விட்டது. நான் அந்தப் பாடத்தில் கோட்டைவிட்டேன். அடுத்த வருடம் எனக்குப் பின்னால் வந்த பிள்ளைகளோடு இருந்து அதைத் திரும்பப் படிக்கவேண்டி வந்தது.

குருநகரில் தேவாலயத்துக்குப் பக்கத்தில் ஜெரிசன் என்றொருவர் போனும் லப்டொப்பும் திருத்துகிற கடை வைத்திருந்தார். அடிப்பக்கத்து இறப்பர்க் கால்களைக் கிளப்பி, அதற்குள் இருந்த ஸ்குரூக்களைக் கழற்றி, பின்மூடியைத் திறந்தார். உள்ளே பற்றரி தலையணை போல வீங்கியிருந்தது.

"இது புதுசெண்டு ஆர் சொன்னது?" என்று கேட்டார்.

"கடைக்காரர்தான்."

"பற்றரியிலை அடிச்சிருக்கிற வருசத்தைப் பாரும். அஞ்சு வருசப் பழசு. இதிலை ஒரு லேபல் ஒட்டிக் கிழிச்ச பசை. வெளிநாட்டுக் கொம்பனிக் கந்தோர்க்காரர் பாவிச்சுக் கழிச்ச சாமான். மூடியை மட்டும் புதுசாய்ப் போட்டிருக்கினம்."

சனிக்கிழமை அப்பாவைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். கடை நிறையச் சனம். நான் பற்றரியை மேசையில் வைத்து விசயத்தைச் சொன்னேன். பஞ்சலிங்கம் என்னைப் பார்க்கவேயில்லை. அப்பாவைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டார்.

"அண்ணை, நீங்கள் என்ன தொழில்?"

"லொறி ஓடுறனான். பலாப்பழம் ஏத்துறனான்."

"அதுதானே பாத்தன். பலாப்பழத்தோடை பலாப்பழமாய் இதையும் லொறிக்குள்ளை எறிஞ்சிருப்பியள். அடி விழுந்தால் பற்றரி வீங்காமல் என்ன செய்யும்? உங்களைப்போலை ஆக்களுக்குச் சாமான் வித்தது என்ரை பிழை."

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எல்லோருமல்ல, நாலைந்து பேர். அது போதும். அப்பா வாயைத் திறந்தார், மூடினார். மேசையிலிருந்த பற்றரியை எடுத்துத் தன் சேட்டுப் பையில் போட்டுக்கொண்டு, "வா பிள்ளை" என்றார்.

பஸ்ஸில் கொடிகாமம் வந்து இறங்கும்போது, "நீ அண்டைக்கே கேட்டனி, நான்தான் விசரன்" என்றார். பிறகு அந்தக் கதையை அவர் எடுத்ததேயில்லை. யாழ்ப்பாணம் போகிற தேவை வந்தால் அம்மாவை அனுப்பினார்.

நான் மறக்கவில்லை. ஜெரிசனிடம் ஒரு பழைய, தடித்த, அசிங்கமான லப்டொப்பை வாங்கினேன். என் தாளில் இருந்ததெல்லாம் அதில் இருந்தது. லீவு நாட்களில் அவருடைய கடையில் போய் இருந்து எந்த மூடி எப்படிக் கழலும், எந்த எண் எதைச் சொல்லும் என்றெல்லாம் பார்த்துப் பழகினேன். படிப்புக்கு உதவும் என்று அம்மாவிடம் சொன்னேன். பொய். பஞ்சலிங்கத்தின் முகத்தை நினைத்துக்கொண்டே ஒவ்வொரு ஸ்குரூவையும் கழற்றினேன். அவரை ஒரு நாள், சனத்துக்கு முன்னால், வாயைத் திறந்து மூட வைக்கவேண்டும். வேறொன்றும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து அந்த நாள் தானாக வந்தது.

இலண்டனில் இருக்கிற எங்கள் ஊர்க்காரர் ஒரு நலன்புரிச் சங்கம் நடத்துகிறார்கள். அதற்கு இங்கே செயலாளர் இராசநாயகம். நேர்மையான மனிசன், ஆனால் கணினியென்றால் ஒன்றும் தெரியாது. அவர் எனக்குப் போன் எடுத்தார். அந்த வருடம் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான இருபத்திரண்டு பிள்ளைகளுக்குச் சங்கம் லப்டொப் கொடுக்கப்போகிறதாம். விழாவில் நான் ஏறி, அதை எப்படிப் படிப்புக்குப் பாவிப்பது என்று பத்து நிமிடம் கதைக்கவேண்டுமாம்.

"என்ன லப்டொப் ஐயா?"

"மடிச்சால் ரப்லெட்டாய் மாறுமாம் பிள்ளை. பட்டணத்திலை பஞ்சலிங்கம் எண்டு ஒருத்தர். விலையிலை கழிவு போட்டுத் தாறார். நீரும் அவரிட்டைத்தானே வாங்கினீர் எண்டு கேள்விப்பட்டன். நல்ல சாமான்தானே?"

நான் வளவில் மாமரத்துக்குக் கீழ் நின்றேன். அவர் "ஹலோ, ஹலோ" என்றார். ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அவர் வேறு கடைக்குப் போயிருப்பார். பஞ்சலிங்கத்துக்கு ஒரு வியாபாரம் தவறியிருக்கும். அவ்வளவுதான் நடந்திருக்கும்.

"ஓம் ஐயா, நல்ல சாமான்" என்றேன்.

விழா கொடிகாமத்தில் ஒரு கலியாண மண்டபத்தில் நடந்தது. மேடையில் பஞ்சலிங்கத்துக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். அடையாளம் தெரியவில்லை. பெட்டிகளைக் கொடுத்து முடித்து, படங்கள் எடுத்து, பிறகு என்னைக் கூப்பிட்டார்கள்.

என் கைப்பையில் ஜெரிசனிடம் வாங்கிய சின்ன ஸ்குரூட்ரைவர் இருந்தது. முன்வரிசையில் தயாளினி என்றொரு பிள்ளை பெட்டியை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டிருந்தாள். கணினி விஞ்ஞானம் படிக்கப் போகிறவள். அவளை மேடைக்கு வரச்சொன்னேன்.

"இந்தப் பெட்டியைத் திறந்து காட்டட்டோ?"

"ஓம் அக்கா" என்று சிரித்துக்கொண்டு தந்தாள்.

இறப்பர்க் கால்களைக் கிளப்பத் தொடங்கினேன். உள்ளே உண்மையிலேயே புதிது இருந்துவிட்டால்? அது பழசாக இருக்கவேண்டும் என்று பிள்ளையாரை மன்றாடினேன். இருபத்திரண்டு பிள்ளைகளுக்கும் குப்பை கிடைத்திருக்கவேண்டும் என்று ஒருத்தி கடவுளைக் கும்பிடுவாளா? நான் கும்பிட்டேன்.

"என்ன பிள்ளை செய்யிறீர்? வொரன்ரி போயிடும்!" பஞ்சலிங்கம் கதிரையிலிருந்து எழும்பினார்.

மூடி கழன்றது. அதே பசை. அதே பற்றரி. வருசத்தைப் பார்த்தேன். எனக்குள் ஒரு குளிர்ச்சி இறங்கியது, வெயிலுக்குள் நடந்து வந்து கிணற்றுத் தண்ணீரைத் தலையில் வார்த்தது போல.

"ஐயா, நீங்கள்தான் இதைத் தந்தனீங்கள். இதிலை அடிச்சிருக்கிற வருசத்தை மைக்கிலை வாசியுங்கோ."

அவர் பார்த்தார். "எனக்குக் கண்ணாடி இல்லை."

"அப்ப தயாளினி வாசிக்கட்டும்."

அவள் குனிந்து பார்த்தாள். "இரண்டாயிரத்துப் பதினெட்டு" என்று வாசித்தாள். ஆறு வருடப் பழசு. அவளுக்கு அப்போது விளங்கவில்லை. மண்டபத்துக்கு விளங்கிவிட்டது.

தகப்பன்மார் எழும்பினார்கள். ஒருவர் தன் மகனின் பெட்டியை மேடையில் கொண்டுவந்து வைத்து, "இதையும் கழட்டு பிள்ளை" என்றார். கழற்றினேன். இன்னொன்று. ஐந்து பெட்டி கழற்றினேன். ஐந்தும் பழசு. ஒவ்வொன்றையும் பஞ்சலிங்கத்தின் முன்னால் வரிசையாக வைத்தேன். அவர் வாயைத் திறந்தார், மூடினார்.

"ஆரடி நீ?" என்று கடைசியில் மெல்லக் கேட்டார்.

"பலாப்பழ லொறி சோமசேகரத்தின்ரை மகள்."

அவருக்கு அப்போதும் ஞாபகம் வரவில்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. இரண்டு வருடம் நான் சுமந்து திரிந்தது அவருடைய தலைக்குள் ஒரு இடமும் பிடிக்கவில்லை. ஆனால் சனம் சிரித்தது. பொன்னாடையோடு அவர் பின்பக்கக் கதவால் போனதை ஆரோ போனில் படமெடுத்தார்கள். விடிவதற்குள் அது இலண்டன் வரை போய்விட்டது.

இராசநாயகம் கதிரைகளுக்கு நடுவில் நின்றார். நான் கடந்து போகும்போது, "பிள்ளை, நான் உம்மட்டைக் கேட்டனானல்லோ" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நான் நிற்காமல் நடந்தேன்.

வீட்டில் அப்பாவை இருத்தி முதலிலிருந்து சொன்னேன். அவர் கண்வெட்டாமல் கேட்டார். "கண்ணாடி இல்லையெண்டோ சொன்னவன்?" என்று தொடையில் தட்டிச் சிரித்தார். திரும்பச் சொல்லச் சொன்னார். திரும்பச் சொன்னேன். இராசநாயகம் கேட்ட கேள்வியை இரண்டு முறையும் விட்டுவிட்டேன். அன்று பின்னேரம் அப்பா நல்ல சேட்டொன்றைப் போட்டுக்கொண்டு சந்தைப் பக்கம் போனார். அடுத்த கிழமை, இரண்டு வருடத்துக்குப் பிறகு, தானாகவே யாழ்ப்பாணம் போய் வந்தார்.

பஞ்சலிங்கம் பொலிசுக்கும் பாவனையாளர் அதிகாரசபைக்கும் அலைந்தார். மூன்று மாதத்தில் கடையைப் பூட்டினார். பெயர்ப்பலகையை இறக்கிவிட்டார்கள் என்று ஜெரிசன் சொன்னபோது, நான் பஸ் எடுத்துப்போய் அந்த வெறும் சுவரைப் பார்த்துவிட்டு வந்தேன். சந்தோசமாகத்தான் இருந்தது. இல்லையென்று சொன்னால் பொய்.

ஆனால் பெட்டிகள் சாட்சிப் பொருளென்று பொலிசில் கிடந்தன. வழக்கு முடியும்வரை சங்கத்தாலும் வேறு வாங்கமுடியவில்லை. பிள்ளைகள் வெறுங்கையோடு பல்கலைக்கழகம் போனார்கள்.

முதல் தவணை முடிந்து லீவில் வந்த தயாளினி ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். மெலிந்திருந்தாள். அம்மா தேத்தண்ணி கொடுத்தா. அதைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள்.

"அக்கா, உங்களுக்கு முதலே தெரியுமோ?"

பொய் சொல்லலாம். ஏற்கெனவே ஒருமுறை சொன்னதுதான்.

"ஓம்."

"இராசநாயகம் ஐயா கேட்டவராம். நல்ல சாமான் எண்டு சொன்னனீங்களாம்."

"ஓம்."

"நான் புரோகிராம் எல்லாம் கொப்பியிலை எழுதினனான் அக்கா. லாப் பூட்டினால் போனிலை அடிச்சுப் பாப்பன். ரெண்டு பாடம் பெயிலாய்ப் போட்டுது." அவள் அழவில்லை. "உங்கடை கோபம் எனக்கு விளங்குது. ஆனால் எங்களை வச்சோ அதைத் தீர்க்கவேணும்?"

"வாரும், நாளைக்குக் குருநகருக்குப் போவம். ஜெரிசன் அண்ணையிட்டை நல்லதொண்டு நான் பாத்து எடுத்துத் தாறன்" என்றேன்.

"வேண்டாம். நான் விசாரிச்சு எடுக்கிறன்."

தேத்தண்ணியைக் குடிக்காமல் கதிரையில் வைத்துவிட்டு எழும்பினாள். படலையைச் சாத்திவிட்டுச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனாள்.

லொறிக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்த அப்பா எட்டிப் பார்த்தார்.

"ஆர் பிள்ளை வந்தது?"

"தெரிஞ்ச பிள்ளை."

"கம்பஸ் பிள்ளையோ? அவளுக்கும் அந்தக் கதையைச் சொன்னனியோ?" அவருடைய முகத்தில் சிரிப்பு வரத் தொடங்கிவிட்டது.

"அவளுக்குத் தெரியும் அப்பா" என்றேன்.