வெதர்லி பள்ளிக்குக் கிடைத்த ‘ஏ’

வருஷா வருஷம் மாநில அரசு பள்ளிகளுக்குப் போடும் தர எழுத்தில் எங்கள் பள்ளிக்கு ‘ஏ’ கிடைத்த செப்டம்பரில், வேலியில் ஒரு பேனர் கட்டினார்கள். சாலைக்கு அந்தப் பக்கம் நின்றாலும் படிக்கலாம், அவ்வளவு பெரிது. வெதர்லி, கிளீவ்லாந்திலிருந்து இருபது நிமிஷத்தில் வந்துவிடக்கூடிய ஊர். இங்கே வீடு பார்க்க வருகிறவர்கள் கூரை ஒழுகுமா என்று கேட்பதற்கு முன்பே பள்ளிக்கு என்ன எழுத்து என்று கேட்பார்கள். நான்கு வருஷத்துக்கு முன் எங்கள் எழுத்து ‘டி’. அதனால் அந்த பேனரைப் பார்த்துச் சிலர் காரை நிறுத்திப் போட்டோ எடுத்துக்கொண்டதில் எனக்கு ஆச்சரியமில்லை.

என் பெயர் மார்னி யூரிக். பள்ளி அலுவலகத்தில் வருகைப் பதிவு என்னுடைய வேலை. பத்தொன்பது வருஷமாக அதே ஜன்னல், அதே நாற்காலி. தாமதமாக வருகிற பிள்ளைகள் என் முன்னால் வந்து நின்று பொய் சொல்வார்கள். நான் நம்பியதுபோல் சீட்டுக் கொடுப்பேன். வராத பிள்ளைகளின் வீட்டுக்குக் காலை பத்து மணிக்குள் போன் செய்வேன். யாருடைய அம்மா இரவு வேலை பார்க்கிறாள், யாருடைய அப்பா போனே எடுக்க மாட்டார் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி.

அந்த ‘ஏ’ வந்ததில் என் கையும் உண்டு. அதைத்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் முதல்வர் டாக்டர் ஹாலன்பெக் வந்த இரண்டாம் வருஷம் ஒரு புது ஏற்பாடு செய்தார். ஒரு பிள்ளை தொடர்ந்து பதினைந்து நாள் வராவிட்டால், வீட்டிலேயே படிக்க வைக்க விருப்பமா என்று கேட்டுப் பெற்றோருக்கு ஒரு படிவம் தபாலில் போகும். பத்து நாளில் பதில் வராவிட்டால் விருப்பம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். நான் கணினியில் அந்தப் பெயருக்கு எதிரே ‘வீட்டுக்கல்வி’ என்று மாற்றிவிட வேண்டும். படிப்பை நிறுத்திய பிள்ளை பள்ளியின் கணக்கில் குறையாக விழும். வீட்டில் படிக்கப் போன பிள்ளை விழாது. இரண்டு வருஷத்தில் நாற்பத்தொரு பெயர்களை அப்படி மாற்றினேன்.

பெயர் மாறிய மறுநாளிலிருந்து அது என் காலைப் பட்டியலில் வராது. பட்டியலில் இல்லாத வீட்டுக்கு நான் போன் செய்வதும் இல்லை. முதல் சில பெயர்களின்போது மனசு உறுத்தியது. பிறகு பழகிவிட்டது.

மார்ச் முதல் வாரம், பள்ளிகளைத் தரம் பார்த்து அங்கீகாரம் கொடுக்கும் குழு மூன்று நாளுக்கு வருவதாக இருந்தது. அதற்குமுன் இரண்டு வாரம் கழிவறைகளுக்குப் பெயின்ட் அடித்தார்கள். குழுவிடம் பேசப் பன்னிரண்டு மாணவர்களை முதல்வரே தேர்ந்தெடுத்தார். அவர்களில் ஒன்பது பேர் பள்ளியின் பேண்டு இசைக்குழுவில் வாசிப்பவர்கள்.

“கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க,” என்றார் முதல்வர், ஊழியர்கள் எங்களிடம். “நாமளா எதையும் எடுத்துக் கொடுக்க வேண்டாம். சிரிச்ச முகமா இருங்க. மார்னி, உங்களையும்தான் சொல்றேன்.”

“என் முகமே இதுதான், சார்,” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

குழுவில் ஐந்து பேர். நால்வரை முதல் நாள் காலை நூலகத்தில் டோனட்டும் காபியும் கொடுத்து உட்கார வைத்தார்கள். ஐந்தாவது ஆள் அங்கே போகவில்லை. ஏழரைக்கு, பூட்ஸில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டு, நேராக என் ஜன்னலுக்கு எதிரே தாமதக்காரர்கள் உட்காரும் பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். தெற்கே எங்கோ ஒரு பள்ளியில் வேதியியல் டீச்சர். பெயர் வெர்னா கோஸ்டெல்னிக் என்று சட்டையில் குத்தியிருந்த அட்டை சொன்னது.

“மேடம், டோனட் அந்தப் பக்கம்,” என்றேன்.

“எனக்கு சக்கரை. வேடிக்கை பாக்கறேன், நீங்க உங்க வேலையப் பாருங்க.”

ஒரு மணி நேரம் வேடிக்கை பார்த்தாள். பனியில் பஸ் வழுக்கிவிட்டது என்று வழக்கமாகச் சொல்கிற ஒரு பையன் அன்றைக்கும் அதையே சொன்னான்.

“நீ பஸ்ல வர்றதே இல்லையேடா. உங்க அண்ணன் கார்லதான இறங்குற?” என்றேன்.

“அந்தக் காரும் வழுக்குச்சு மிஸ் மார்னி.”

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். பையன் போனதும் எழுந்து ஜன்னலுக்கு வந்தாள்.

“உங்களுக்கு எல்லாப் பிள்ளைங்களையும் தெரியுது.”

“வராததுங்களைத்தான் நல்லாத் தெரியும்,” என்றேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவள் கையில் ஒரு தாள் இருந்தது. “ரெண்டு வருஷத்துல நாப்பத்தொரு பேர் வீட்டுக்கல்விக்குப் போயிருக்காங்க. அதுக்கு முன்னாடி வருஷத்துக்கு ரெண்டு, மூணு பேர்தான். இந்த ஊர்ல திடீர்னு என்ன ஆச்சு? பிள்ளைங்களை வீட்லயே படிக்க வைக்கச் சொல்ற சர்ச் ஏதாவது புதுசா வந்திருக்கா?”

“அப்படி ஒன்னும் இல்லைங்க.”

“ஃபைல் எல்லாம் உங்ககிட்டதான இருக்கு?”

இருந்தது. எனக்குப் பின்னால் சாம்பல் நிற அலமாரியில், கீழ்த் தட்டில். எடுத்து மேஜையில் வைத்தேன். அவள் அவற்றைத் தொடவே இல்லை.

“நான் துப்பறிய வரல, மார்னி. உங்க ஸ்கூலைப் பத்தி மோசமா எழுதணும்னு எனக்கு ஆசையும் கிடையாது. இதுல ஒரு வீட்டுக்குப் போன் பண்ணிப் பேசலாம், படிப்பு எப்படிப் போகுதுன்னு. யாருன்னு நீங்களே எடுங்க.”

இதில் அவள் ஏமாந்துவிட்டாள் என்றுதான் முதலில் நினைத்தேன். ஏனென்றால் மேலேயே ஆம்ஸ்டட்ஸ் வீட்டு ஃபைல் இருந்தது. அந்த வீட்டில் அப்பா முன்னாள் பொறியாளர். இரண்டு பிள்ளைகளுக்கும் உண்மையாகவே வீட்டில் பாடம் நடத்துகிறார். படிவத்தில் கையெழுத்தும் இருந்தது. அதை எடுத்துக் கொடுத்தால் பத்து நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிடும். அந்த மனிதர் இயற்பியலைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இவளே போனை வைக்கச் சொல்லிக் கெஞ்சுவாள்.

கை அந்த ஃபைல் மேல் இருந்தது. அதற்கு அடுத்தது கேரா பிளெட்சோ.

கேரா பத்தாவதில் படித்தவள், கணக்கில் கெட்டிக்காரி. அக்டோபரில் வராமல் போனாள். படிவம் போனது, பதில் வரவில்லை, நான் மாற்றினேன். அவளுடைய பெயரை மாற்றிய அன்று மதியம் நான் என்ன சாப்பிட்டேன் என்பதுகூட நினைவிருக்கிறது, சுரைக்காய் சூப். ஏன் அது மட்டும் நினைவில் நின்றது என்று எனக்கே தெரியாது.

கேராவின் ஃபைலை எடுத்துத் திறந்தேன். கையெழுத்துப் போடும் இடம் காலியாக இருந்தது. வெர்னா அதைப் பார்த்தாள். நான் போனை ஸ்பீக்கரில் போட்டு எண்ணை அழுத்தினேன்.

நான்காவது மணியில் கேராவே எடுத்தாள். பின்னால் குழந்தைகள் அழுகிற சத்தம்.

“கேரா, நான் ஸ்கூல்லேர்ந்து மார்னி பேசறேன் கண்ணு.”

“மிஸ் மார்னியா? லைப்ரரி புக் எதாவது திருப்பித் தரலையா நான்?”

“அதெல்லாம் இல்ல. படிப்பு எப்படிப் போகுதுன்னு கேக்கத்தான்.”

“எந்தப் படிப்பு?”

நான் வெர்னாவைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வீட்ல படிக்கறதா எழுதியிருக்கே, அது.”

கேரா சிரித்தாள். கோபமான சிரிப்பு இல்லை. நிஜமாகவே வேடிக்கையாக இருந்திருக்கும் போல. “வீட்ல ரெண்டு தம்பிங்க இருக்காங்க, இரட்டை. எட்டு மாசம். அம்மா முதியோர் இல்லத்துல பகல் ஷிஃப்ட். பாத்துக்க ஆளு கிடைச்சதும் வந்துரலாம்னு இருந்தேன். நவம்பர்ல ஆளு கிடைக்கறமாதிரி இருந்துச்சு. ஆனா நீங்க போன் பண்றதை நிறுத்திட்டீங்களா, அம்மா சொன்னாங்க, உன் பேரை அடிச்சுட்டாங்க, இனிமே சேத்துக்க மாட்டாங்கன்னு.”

“படிவம் ஒன்னு வந்துதே, தபால்ல?”

“நாங்க வீடு மாறிட்டோமே. ஆகஸ்ட்லயே.”

வெர்னா முன்னால் குனிந்து, தன் பெயரைச் சொல்லி, “உனக்குத் திரும்பி வர இஷ்டமாம்மா?” என்று கேட்டாள்.

“இருந்துச்சு,” என்றாள் கேரா. “இப்ப தெரியல.” ஒரு குழந்தை வீறிட்டது. வைத்துவிட்டாள்.

பதினொரு மணிக்கு முதல்வர் அறையிலிருந்து அழைப்பு வந்தது. அதற்குள் வெர்னா மீதி ஃபைல்களையும் பார்த்திருந்தாள். நாற்பத்தொன்றில் முப்பத்து மூன்றில் கையெழுத்து இல்லை.

“கதவைச் சாத்துங்க, மார்னி.” டாக்டர் ஹாலன்பெக் சத்தம் போடுகிறவர் அல்ல. “அவங்க உங்களைத்தான் ஒரு ஃபைல் எடுக்கச் சொன்னாங்களாமே. ஆம்ஸ்டட்ஸ் வீட்டு ஃபைல் இருந்துதே?”

“மேலயே இருந்துது, சார்.”

“அப்புறம் ஏன்?”

“கை போகல.”

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். “நான் வந்தப்ப ஒரே வருஷத்துல ஆறு டீச்சருங்க வேற ஊருக்கு ஓடிட்டாங்க. பேண்டு வாசிக்க ஆள் கிடையாது. மாடியில பாதி ரூம் பூட்டிக் கிடந்துது. ‘ஏ’ வந்தப்புறம் பாருங்க, கெமிஸ்ட்ரி டீச்சர் வேலைக்கு மட்டும் அப்ளிகேஷன் பதினாலு. வராத நாப்பது பேருக்காக, வர்ற தொள்ளாயிரம் பேர் கெடணுமா?”

அவர் சொன்னது பொய் இல்லை. அந்த மனிதர் காலை ஆறு மணிக்கு வந்து, பனி பெய்த நாட்களில் தானே வாசலில் உப்புத் தூவுகிறவர். அதனால்தான் பதில் சொல்லக் கஷ்டமாக இருந்தது.

“வராதவங்களை முன்ன நான் தினம் கூப்பிடுவேன், சார்,” என்றேன். “பத்து நாள் திட்டுவாங்க, பதினோராவது நாள் ஒன்னு ரெண்டு வந்துரும். பேரை மாத்தினப்புறம் கூப்பிடறதையும் விட்டுட்டேன். அது என் தப்பும்தான்.”

“நீங்க நான் சொன்னதைச் செஞ்சீங்க.”

“ஆமா. நாப்பத்தொரு தடவை.”

அன்று வீட்டுக்குப் போய் என் கணவன் ரஸ்ஸிடம் சொன்னேன். ரஸ் டெலிவரி வேன் ஓட்டுகிறவன். முழுசாகக் கேட்டுவிட்டு, “சரி, வீட்டை வித்துட்டு ஃபுளோரிடா போலாமான்னு யோசிச்சிட்டிருந்தோமே, அந்தக் கவலை விட்டுது. இனி எவன் வாங்குவான்?” என்றான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “வேலை போயிருமாடி?” என்று கேட்டான்.

“தெரியல.”

“போனா போவட்டும். எதாவது சாப்பிட்டியா நீ?”

மூன்றாம் நாள் மதியம் நூலகத்தில் அறிக்கையின் சுருக்கத்தைப் படித்தார்கள். குழுத் தலைவர் பாதி நேரம் எங்களைப் பாராட்டினார். ஆங்கில வகுப்புகளில் பிள்ளைகள் எழுதுவதை டீச்சர்கள் வரி வரியாகத் திருத்துகிறார்கள், ஆய்வகம் சுத்தமாக இருக்கிறது, பிள்ளைகள் ஒருவருக்கொருவர் பயப்படுவதில்லை. எல்லாம் நிஜம்தான். பிறகு வெர்னா எழுந்து, வருகைப் பதிவைப் பற்றிய பக்கத்தைப் படித்தாள். குரலை உயர்த்தவில்லை. முப்பத்து மூன்று மாணவர்கள் பெற்றோர் ஒப்புதல் இல்லாமல் நீக்கப்பட்டிருக்கிறார்கள். அங்கீகாரம் ஒரு வருஷத்துக்கு நிபந்தனையோடு மட்டும். விவரம் மாநிலத்துக்குப் போகும்.

யாரும் என்னைப் பார்க்கவில்லை. அந்த ஃபைலை எடுத்தது நான்தான் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது என்று அதிலிருந்தே புரிந்தது.

வெளியே போகும்போது வெர்னா என் ஜன்னலில் நின்றாள். “உங்களுக்குக் கஷ்டம் வரும். தெரிஞ்சுதான் எழுதினேன். மன்னிச்சுக்கங்கன்னு சொல்ல மாட்டேன்.”

“சொல்லாதீங்க,” என்றேன். “உங்க ஸ்கூலுக்கு என்ன எழுத்து?”

“சி,” என்றாள். “ரொம்ப வருஷமா.”

கஷ்டம் அந்த வெள்ளிக்கிழமையே வந்தது. சர்ச்சில் மீன் வறுவல் விருந்து, ஊரே வரிசையில் நிற்கும். என் பக்கத்து வீட்டு டாட்டி ஸ்ட்ரக், தட்டைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் கேட்கும்படி, “எங்க வீட்டை விக்கப் போட்டு மூணு வாரம்தான் ஆச்சு, மார்னி. இன்னும் கொஞ்ச நாள் வாயைத் திறக்காம இருந்திருக்கக் கூடாதா?” என்றாள்.

“நான் வாயைத் திறக்கல டாட்டி. போன்தான் பண்ணினேன்.”

“அந்தப் போனைத்தான் சொல்றேன்.”

ரஸ் எனக்குப் பதிலாகப் பேச வந்தான். வேண்டாம் என்று கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். மீன் தட்டோடு காரில் உட்கார்ந்தபோதுதான் அழுகை வந்தது.

ஏப்ரலில் மாநிலம் ‘ஏ’வைத் திரும்ப எடுத்துக்கொண்டு ‘சி’ கொடுத்தது. பேனரைக் காவலாளி அவிழ்த்துச் சுருட்டி எடுத்துப் போனார். டாக்டர் ஹாலன்பெக்கை மாவட்ட அலுவலகத்தில் பஸ் போக்குவரத்துப் பிரிவுக்கு மாற்றினார்கள். போகிற அன்று என் ஜன்னலுக்கு வந்து கைகொடுத்தார். எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, வேலை போகவில்லை.

நீக்கப்பட்ட எல்லா வீடுகளையும் தொடர்புகொள்ள வேண்டும் என்று உத்தரவு. அந்த வேலை இயல்பாகவே என்னிடம் வந்தது. ஒன்பது நாள் ஆனது. பதினோரு எண்கள் இப்போது வேலை செய்யவில்லை. ஒரு அப்பா கெட்ட வார்த்தை சொன்னார். ஒருத்தி கல்யாணமாகி இந்தியானா போய்விட்டாள். ஒரு அம்மா, “அவனை நீங்க மறந்துட்டீங்கன்னு நெனச்சேன்,” என்று மட்டும் சொன்னாள். அந்த வாக்கியத்தோடு அன்றைக்கு அலுவலகத்தை மூடிவிட்டேன். கடைசியில் எட்டுப் பேர் திரும்பி வந்தார்கள்.

கேராவுக்கு நான் ஐந்து முறை போன் செய்தேன். நான்கு முறை, “தெரியல மிஸ் மார்னி,” என்றாள். ஐந்தாவது முறை அவள் அம்மா எடுத்தாள். முதியோர் இல்லத்தில் மாலை ஷிஃப்ட்டுக்கு மாற்றிக் கேட்டிருப்பதாகவும், கிடைத்தால் காலை வகுப்புகளுக்கு மட்டும் அனுப்பலாமா என்றும் கேட்டாள். அனுப்பலாம் என்றேன். அப்படி ஒரு விதி இருக்கிறதா என்று போனை வைத்த பிறகுதான் தேடினேன். இருந்தது.

ஏப்ரல் கடைசியிலிருந்து கேரா காலையில் மட்டும் வந்தாள். ஜூனில் கணக்கில் தேறினாள், வரலாற்றில் தேறவில்லை. கோடை வகுப்பில் பெயர் கொடுத்திருக்கிறாள்.

டாட்டியின் வீடு ஜூலையில் விலைபோனது. வாங்கியவர்களுக்கு மூன்று பிள்ளைகள். சேர்க்கைக்கு வந்த அந்த அம்மா, என் ஜன்னல் முன் நின்று, “ஸ்கூல் எப்படிங்க? ‘சி’ன்னு போட்டிருந்துது, யோசிச்சோம்,” என்றாள்.

“இங்கிலீஷ் நல்லாச் சொல்லிக் கொடுப்பாங்க,” என்றேன். “கெமிஸ்ட்ரிக்கு இன்னும் ஆள் தேடிட்டிருக்கோம். பிள்ளை ஒரு நாள் வரலைன்னா பத்து மணிக்குள்ள நான் கூப்பிடுவேன், எடுக்காம விட்டீங்கன்னா திரும்பத் திரும்பக் கூப்பிடுவேன்.”

அவள் பையிலிருந்து சேர்க்கைக்கு வேண்டிய தடுப்பூசிச் சான்றுகளை எடுத்து என் பக்கம் நீட்டினாள்.