டொரிவால் வாய் வைக்காத கிளாஸ்

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு மரில்டாவின் உணவகத்தில் உட்கார இடம் வேண்டுமென்றால், சர்ச் முடிவதற்குள் வந்துவிட வேண்டும். பிரசங்கம் முடிந்ததோ இல்லையோ, அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாமில் இருக்கும் பிரேசில்காரர்களில் பாதிப் பேர் கோட்டில் ஒட்டிய பனியைக்கூடத் தட்டாமல் நேரே இங்கே வந்துவிடுவார்கள். கறுப்பு பீன்ஸும் பன்றிக்கறியும் கொதிக்கிற அண்டா, மரவள்ளி மாவில் சுட்ட சீஸ் உருண்டை, முட்டை, பப்பாளித் துண்டுகள். இவற்றுக்காக வருகிறவர்களும் ஏழு மாதமாக முதலில் திரும்பிப் பார்ப்பது டொரிவால் நிற்கும் பார் பக்கம்தான்.

டொரிவாலுக்கு நாற்பத்தெட்டு வயது. மெலிந்த ஆள், பேச்சு குறைவு. வேலை கேட்டு வந்த அன்று மரில்டா அவனிடம் எதையும் துருவிக் கேட்கவில்லை. எலுமிச்சை, சர்க்கரை, ஐஸ், கஷாசா என்கிற கரும்புச் சாராயம், இவ்வளவையும் வைத்து ஒரு கைப்பிரின்யா கலந்து நீட்டினான். ஒரு வாய் குடித்தவள், "நாளைக்கே வந்துடு" என்றாள். எலுமிச்சையை நசுக்கும்போது தோலின் கசப்பு இறங்குவதற்கு ஒரு நொடி முன்னால் அவன் கை நின்றுவிடும். இருபது வருஷமாக உணவகம் நடத்தும் மரில்டாவுக்கு அந்த ஒரு நொடி பிடிபட்டதே இல்லை.

அந்த ஞாயிறு ஒரு ஞானஸ்நான விருந்து. இருபத்திரண்டு பேர், நீள மேசை. வழக்கமான கஷாசா வந்து சேராததால் மரில்டா முந்தின நாள் புதிதாக ஒரு சரக்கை வாங்கி, சில்லிட்ட ஸ்டோர் ரூமில் வைத்திருந்தாள். டொரிவால் ஒரு பாட்டிலைத் திறந்து உள்ளங்கையில் சில சொட்டு விட்டான். இரண்டு கையையும் தேய்த்து மூக்கருகே கொண்டுபோனான். பிறகு பாட்டிலை மூடிவிட்டான்.

"மரில்டாக்கா, இது வேணாம்."

"எது வேணாம்?"

"இந்தச் சரக்கு. முதல்ல கரும்பு வாசனைதான் வருது. கைச்சூடு ஏறினதும் பெயிண்ட் வாடை அடிக்குது."

மரில்டா ஒரு மடக்கு குடித்துப் பார்த்தாள். ஜில்லென்று இறங்கியது.

"நல்லாத்தானே இருக்கு! நீ குடிச்சுப் பாத்துட்டுப் பேசு."

"நான் குடிக்கிறதில்லக்கா."

"ஒரு வாய்தானே?"

"ஒரு சொட்டும் கிடையாது. ஒன்பது வருஷமாச்சு. அதுக்கு முன்னாடி குடிச்சதே ஆயுசுக்கும் போதும்."

மரில்டாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏழு மாதமாக ஒரு வாய்கூடக் குடித்துப் பார்க்காமலா இவன் கலந்திருக்கிறான்? தன்னை ஏமாற்றிவிட்டதுபோல ஒரு கோபம் வந்தது.

"வெளியில இருபத்திரண்டு பேர் காத்துக்கிட்டிருக்காங்க. நீ போய்ப் பழத்தை நறுக்கு. நான் ஊத்திக்கிறேன்."

அவன் மறுபேச்சில்லாமல் நகர்ந்தான். அவளே கலந்து ஆறு கிளாஸைத் தட்டில் வைத்து எடுத்துப்போனாள். குழந்தையின் பெரியப்பா நிவால்டோ அந்த மேசையில்தான் இருந்தார். அவர் வாய்க்கு ஊரே பயப்படும். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

"மரில்டா! எலுமிச்சம்பழத்தை நெயில் பாலிஷ்லயா ஊறப் போட்டே? இதை என் பொண்டாட்டி விரல்ல பூசிவிடட்டுமா?"

மேசையே சிரித்தது. மரில்டாவும் சிரித்துவைத்தாள். ஆனால் முகம் எரிந்தது. கிளாஸை வாங்கி முகர்ந்தாள். அறையின் வெதுவெதுப்பில் அந்த வாடை குபீரென்று மேலே வந்திருந்தது.

பாருக்குப் பின்னால் வந்து நின்றாள். 'நான்தான் அப்பவே சொன்னேனே' என்று டொரிவால் சொல்லியிருக்கலாம். அவன் சொல்லவில்லை. வழக்கமான கஷாசாவில் மிஞ்சியிருந்த பழைய பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"முக்கால் பாட்டில் இருக்குக்கா. குழந்தைக்கு வாழ்த்துச் சொல்ல ஆளுக்கு ஒரு சின்ன கிளாஸ் வரும். ஃப்ரீசர்ல முந்திரிப்பழக் கூழ் இருக்கா?"

"இருக்கு. பாஷன் ஃப்ரூட்டும் இருக்கு."

"தேங்காப்பாலும் சேத்துக் கொண்டாங்க."

பிறகு அவன் கை ஓடியதைப் பார்க்கவேண்டும். கூழை உடைத்துப் போட்டான். தேங்காய்ப்பால், கண்டென்ஸ்டு மில்க், எலுமிச்சைச் சாறு, ஒரு சிட்டிகை உப்பு. அடித்து நுரை பொங்கியதும் சமையல்காரி ஜெனைடியைக் கூப்பிட்டு ஒரு கிளாஸ் கொடுத்தான்.

"நல்லாருக்குப்பா" என்றாள் அவள்.

டொரிவால் அவள் பேச்சைக் கேட்கவில்லை, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கண் கொஞ்சம் சுருங்கியது, தித்திப்பு தூக்கல். இன்னும் அரை எலுமிச்சை பிழிந்து மறுபடி கொடுத்தான். இந்தத் தடவை அவள் ஒரே மூச்சில் பாதியைக் குடித்தாள். கிளாஸைக் கையோடு எடுத்துக்கொண்டு அடுப்புக்குப் போய்விட்டாள்.

"இப்ப சரி" என்றான்.

வாழ்த்து முடிந்ததும் அந்தக் கூழ் பானத்தை உயரமான கிளாஸ்களில் அவனே தூக்கிப்போனான். "இதுல சாராயம் கிடையாது. முன்னாடியே சொல்லிட்டேன்."

"அப்ப தொட்டில்ல இருக்கிறவனுக்குக் குடு" என்றார் நிவால்டோ. சொல்லிக்கொண்டே ஒரு வாய் குடித்தார். இரண்டாவது கிளாஸ் முடிவதற்குள் மேசையைத் தட்டி உரக்கப் பாட ஆரம்பித்திருந்தார். மூன்றாவது கிளாஸுக்கு அவரே பாருக்கு நடந்து வந்து குரலைத் தாழ்த்தினார்.

"யார்கிட்டயும் சொல்லிடாதே டொரிவால். ஊர்ல என் பேரு கெட்டுடும்."

"நான் எங்க சொல்லப்போறேன்? உங்க பாட்டுச் சத்தம்தான் தெருமுனை வரைக்கும் கேக்குது. குடிச்சது சாராயமில்லன்னா யாரு நம்புவாங்க?"

மூன்று மணிக்குக் கடை ஓய்ந்தது. அண்டாவின் அடியில் மிஞ்சியதைப் போட்டுக்கொண்டு இருவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். மரில்டாவால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"குடியை விட்டவன் ஏன்யா பார்ல வந்து நிக்கிறே? ஊர்ல வேற வேலையா இல்ல?"

டொரிவால் தட்டில் சோற்றைப் பிசைந்தபடி யோசித்தான்.

"பதினெட்டு வயசுல கத்துக்கிட்ட வேலைக்கா. குடி நடுவுல வந்தது, அதை விட்டேன். வேலை என்ன தப்பு பண்ணுச்சு?"

ஞாயிறுதோறும் அவன் கைக்கெட்டும் தூரத்தில் நூறு கிளாஸ் நிரம்பிக் காலியாகிறது. அத்தனையும் அவன் கையால் கலந்தது. கையில்தான் திறமை என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். அதைவிடப் பெரியது ஒன்று அவனிடம் இருப்பதை இன்றைக்குத்தான் கண்டாள். பெரிய கறித்துண்டாகப் பார்த்து அவன் தட்டில் வைத்தாள்.

திங்கட்கிழமை சரக்கைத் திருப்பி எடுக்க வந்தவன் முறைத்துக்கொண்டான். "இது மோசம்னு யாருங்க சொன்னது? குடிச்சுப் பாத்தீங்களா?"

"நான் குடிச்சேன், எனக்குத் தெரியல. எங்க டொரிவால் மோந்து பாத்தாரு. அவர் வேணாம்னா வேணாம்தான்" என்றாள் மரில்டா. பெட்டிகள் வேனில் ஏறும் வரை வாசலிலேயே நின்றாள்.