ஒரே சிவப்பு

மருதமுனையில் மைமூனாவின் தெருவில் அதுவரை யாரும் சாயத்தூளை அளந்தது கிடையாது. பிஸ்மில்லாஹ் சொல்லிக் கையால் அள்ளிக் கொதிக்கிற பானைக்குள் போடுவதுதான் வழக்கம். அளந்தால் பறக்கத்து, அதாவது அல்லாஹ்வின் அருள், போய்விடுமாம். பறக்கத்து இருந்ததோ இல்லையோ, இடுப்பில் கட்டும் சாரனை இரண்டு துண்டாக நெய்து தைப்பார்கள்; மேல்பாதி ஒரு சிவப்பு, கீழ்ப்பாதி வேறொரு சிவப்பு. இரண்டையும் சேர்த்துத் தைப்பது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதைதான். மில்லில் நெய்த சாரன் இப்படியா இருக்கிறது என்று கேட்டு கல்முனைக் கடைக்காரர்கள் கட்டுக் கட்டாகத் திருப்பி அனுப்பினார்கள்.

கணவன் மவுத்தான பிறகு தறிக்கொட்டிலை ஏற்று நடத்திய மைமூனாவுக்கு இது பொறுக்கவில்லை. காலியான தகரப் பால்பேணி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள்.

"இனி இதுதான் அளவு. ஒரே கிணத்துத் தண்ணி, ஒரே பானை. நெய்யிறதுக்குத் தேவையான நூலுக்கு மட்டும் சாயம் போடுங்க. பிழையக் கண்டவங்க உடனே தறிய நிப்பாட்டுங்க."

ஊர் சிரித்தது. ஊர்வாயை மூட உலைமூடி ஏது? கணவனின் தமையன் மீராமுகைதீன் மட்டும் சிரிக்கவில்லை. கட்டுகளைக் கடைகளுக்குக் கொண்டுபோகிறவர் அவர்தான்; தறிகளும் அவருடையவைதான்.

"இந்தப் பெருநாள் கட்டும் திரும்பி வந்தா தறியெல்லாத்தையும் நான் கொண்டு போயிருவன்" என்றார். அந்தத் தறிகளை விட்டால் அவளுக்கும் பெண்மக்களுக்கும் வேறு பிழைப்பே இல்லை.

பெருநாள் கட்டு வண்டியேற வேண்டிய காலையில், மைமூனாவிடம் நெய்கிற முனவ்வறா தறியிலிருந்து கையை எடுத்து மைமூனாவைக் கூப்பிட்டாள்.

"ராத்தா, இந்தச் சிவப்பு கறுக்குது."

மைமூனா வந்து பார்த்தாள். உண்மைதான். புது நூல் ஓடிய தறி எல்லாவற்றிலும் அதே கறுப்பு. அத்தனை தறியையும் நிறுத்தச் சொன்னாள். சாயம் போடும் அப்துல் கபூர் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார்.

"பேணியாலதான் போட்டன், தங்கச்சி. பிறகு பறக்கத்துக்கெண்டு மேல ஒரு கை."

"காக்கா, அல்லாஹ் தாற பறக்கத்துக்கு உங்கட கை என்னத்துக்கு?"

அதற்குள் வண்டியோடு வந்த மீராமுகைதீனுக்கு, சும்மா நின்ற தறிகளைக் கண்டதும் கோபம் தலைக்கேறிவிட்டது.

"ஆரு உத்துப் பாக்கப் போறான்? தைச்சு ஏத்து."

"வாங்கிறவன் பாப்பான், மச்சான்."

"அப்ப தறிய அவிழ்க்கட்டா?"

மைமூனாவுக்குப் பயம்தான், இல்லையென்றால் பொய். ஆனாலும் கத்தரிக்கோலை எடுத்து, முனவ்வறாவின் தறியிலிருந்த துணியை அப்படியே வெட்டி அவர் காலடியில் போட்டாள்.

"நல்ல சாரன் உள்ளுக்க இருக்கு, கொண்டு போங்க. தறிதான் வேணுமெண்டா தறிய ஏத்துங்க. இந்தப் பிழைய மட்டும் நான் உசிரோட இருக்கக்குள்ள வண்டில ஏத்த விடமாட்டன்."

முனவ்வறா கத்தரிக்கோலை அவள் கையிலிருந்து வாங்கி அடுத்த தறிக்குப் போனாள். அதற்கடுத்த தறியை அப்துல் கபூரே வெட்டினார்.

மீராமுகைதீன் அன்று தறிகளைத் தொடாமல் பாதிக் கட்டோடுதான் கல்முனைக்குப் போனார். அதில் ஒரு சாரனும் திரும்பி வரவில்லை.