ஒரே கேபினில் இரண்டு பெயர்

1

இந்தக் கதையை நான் யோசித்துப் பிடிக்கவில்லை. அக்கா ஃபோன் செய்து கையில் கொடுத்தாள்.

"டேய், ஞாயித்துக்கிழமை உன் ரூம் வேணும். நானும் அவரும் வந்து உட்காரணும். கப்பல் கம்பெனிக்குப் பேசணும்."

"உங்க ரெண்டு பேருக்கும் வீடு இல்லையா?"

"ரெண்டு பேருக்கும் வீடு இருக்கறதுதான்டா பிரச்சினை."

அக்காவும் அத்தானும் தனித்தனியாக வாழ்கிறார்கள். அடிதடி இல்லை, வழக்கு இல்லை. பாத்திரம், பீரோ, மெத்தை, மீன்தொட்டி எல்லாவற்றையும் பங்கு பிரித்தாயிற்று. பிரிக்க முடியாமல் நின்றது ஒன்றே ஒன்று. சொகுசுக் கப்பலில் ஒரு கேபின்.

கல்யாண நாளுக்காக அத்தான் பதிவு செய்தது அது. கிளம்ப வேண்டிய நேரத்தில் நோய் பரவியது. துறைமுகங்களை மூடினார்கள். கப்பல் நங்கூரத்தை எடுக்கவே இல்லை. கம்பெனி இரண்டு வழி சொன்னது: கட்டிய பணத்தை ரீஃபண்டாக வாங்கிக்கொள்ளலாம், இல்லையென்றால் இன்னும் கால் பங்கு சேர்த்துத் தருகிறோம், அடுத்த பயணத்தில் கழித்துக்கொள்ளும் கிரெடிட்டாக வைத்திருங்கள். இவர்கள் கணக்கில் கிரெடிட் என்று விழுந்தது. அந்த கிரெடிட்டை அதே இருவர், அதே ஒரு கேபினுக்குத்தான் பயன்படுத்த முடியும். பெயரை மாற்ற முடியாது, பாதியாக வெட்ட முடியாது.

கப்பல்கள் எப்போது கிளம்பும் என்று கம்பெனிக்கே தெரியாததால், கிரெடிட்டின் ஆயுளையும் அவர்களே இழுத்துக்கொண்டு போனார்கள். கூடவே மாதம் தவறாமல் ஒரு மெயில்: ‘அன்புள்ள தம்பதியரே, உங்கள் கடல் காத்திருக்கிறது.’ மெயில் வந்த அன்று அத்தான் அக்காவைக் கூப்பிடுவார். "பாத்தியா? போலாமா?" அக்கா இல்லை என்பாள். அடுத்த மாதம் மறுபடி அதே கேள்வி, அதே பதில்.

"எனக்குப் பணம்கூட பெரிசில்லடா," என்றாள். "அந்த மனுஷன்கிட்ட ஒரு தடவை ‘இல்ல’ன்னு சொல்லித்தான் வீட்டை விட்டு வந்தேன். அதைச் சொல்ல எனக்கு எவ்ளோ நாளாச்சு தெரியுமா? இப்ப மாசா மாசம் சொல்ல வைக்கறாங்க."

ஃபோனை வைத்ததும் பேனாவை எடுத்தேன். புத்தி அப்படி.

2

வார இதழ்த் தொடர்களில் வளர்ந்த கை இது. கப்பல் என்றாலே தானாக ஓடும்.

முதல் தொடக்கம்:

கேபின் கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. கதவிடுக்கின் வழியே மெல்லக் கசிந்து வந்த அந்தச் சிவப்பு

(விட்டுவிட்டேன். கப்பலே கிளம்பவில்லை. கிளம்பாத கப்பலில் யாரைக் கொல்வது?)

இரண்டாம் தொடக்கம்:

கடற்காற்றில் அவள் கூந்தல் அலைபாய, பின்னாலிருந்து வந்த அவன் அவள் தோளில்

(இதையும். அக்கா முடியைக் கத்தரித்து நாளாகிறது. தவிர, அவள் இதைப் படிப்பாள்.)

இதழ் ஆசிரியரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் உற்சாகமாகிவிட்டார்.

"ரெண்டு பேரையும் கப்பல்ல ஏத்துங்க சார். நடுக்கடல்ல ஒரு புயலை விடுங்க. மிச்சத்தை வாசகர் பாத்துப்பாங்க."

"அவங்க ரீஃபண்ட் கேக்கறாங்க சார்."

"ரீஃபண்டா? அதுல என்ன சார் கிளைமாக்ஸ் இருக்கு? கஸ்டமர் கேருக்கு ஃபோன் போட்டு மியூசிக் கேக்கறதா?"

அதைத்தான் எழுதப் போகிறேன் என்று அவரிடம் சொல்லவில்லை.

3

அத்தானை என்ன செய்வது என்பதில்தான் தடுமாறினேன். வில்லனாக்கினால் கதை ஓடும். ஆனால் ஆள் ஒத்துழைக்க மாட்டார்.

லிஃப்ட் பழுது பார்ப்பது அவர் வேலை. பழுதை நீக்கி, மூடியை மாட்டி, தானே ஏறி மேலே போய்க் கீழே வருவார். பிறகு இன்னொரு முறை போய் வருவார். அந்தத் தொழிலில் அது நல்ல குணம். அக்கா கண்ணாடிக் கடையில் பார்வை அளக்கிறவள். "இது தெளிவா இருக்கா, இதுவா? அவசரப்படாதீங்க, திரும்பக் காட்டறேன்." அந்தத் தொழிலில் அதுவும் நல்ல குணம்தான்.

இப்படி இருவரை ஒரே வீட்டில் வைத்துப் பாருங்கள். அவர் பூட்டிய பூட்டை இவள் இழுத்துப் பார்ப்பாள். இவள் போட்ட உப்பு போதாதோ என்று அவர் ஒரு சிட்டிகை போடுவார். மின்கட்டணம் ஒரே மாதத்தில் இரண்டு முறை கட்டியிருக்கிறார்கள். இவள் மூடிய கேஸ் அடுப்பை அவர் சரிபார்க்கப் போய்த் திறந்துவிட்டு வந்த கதையும் உண்டு.

வெளியே வேலை இருந்தவரை இது வேடிக்கை. ஊரடங்கு வந்தது. பழுது பார்க்க லிஃப்ட் இல்லை, அளக்கக் கண் இல்லை. நாள் முழுக்க ஒருவரை ஒருவர் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள்.*

ஊரடங்கு முடிந்தபோது அக்கா பெட்டியை எடுத்தாள். காரணம் கேட்டவர்களுக்கு அவள் சொன்னது இவ்வளவுதான்: "நான் செஞ்ச எதுவும் அந்த வீட்ல செஞ்சு முடிஞ்சதா ஆகல."

(* கைப்பிரதியைப் படித்த அக்கா ‘சரிபார்த்து’ என்பதை அடித்துவிட்டு ‘நச்சரித்து’ என்று எழுதினாள். அடுத்து வாங்கிப் படித்த அத்தான் அதை அடித்துவிட்டு ‘சரிபார்த்து’ என்று எழுதினார். நான் யார் பக்கமும் இல்லை. அச்சுக்குப் போவது என் பிரதி.)

4

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள்.

என் அறையில் இருப்பது ஒரே நாற்காலி. அதில் அக்கா. கட்டிவைத்த பழைய இதழ்களின் மேல் அத்தான். நான் ஜன்னல் மேடையில். நடுவில் மேஜை, அதன் மேல் ஸ்பீக்கரில் போட்ட ஃபோன். இதற்கு முன் அக்கா தனியே கூப்பிட்டபோதெல்லாம், பதிவில் இருவர் இருப்பதால் இருவரும் ஒரே அழைப்பில் இருந்தால்தான் பேசுவோம் என்று வைத்துவிட்டார்களாம். அதனால்தான் இந்த ஏற்பாடு.

‘உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது’ என்றது ஃபோன். பிறகு அலைச் சத்தம். கடற்பறவைச் சத்தம். திரும்ப அலை.

"கடலுக்கு வந்தாச்சு பாத்தியா," என்றார் அத்தான். "செலவே இல்லாம."

"குமட்டுது," என்றாள் அக்கா.

"மாப்ள, இந்தக் கட்டுல உன் கதை எல்லாம் இருக்கா?"

"இருக்கு அத்தான்."

"கெட்டியாத்தான் இருக்கு. உட்கார நல்லா இருக்கு."

அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். (இந்த இடத்தில் வாசகருக்கு ஆசை வரும். எனக்கும் வந்தது. அலைச் சத்தம், அறைக்குள் ஒரு சிரிப்பு, பிரிந்த கணவன் மனைவி. இனி இருவர் கையும் ஒரே நேரத்தில் தண்ணீர் பாட்டிலை நோக்கி... வேண்டாம். அப்படி எதுவும் நடக்கவில்லை. தண்ணீரை நான்தான் குடித்தேன்.)

"நீங்க இன்னிக்கு ஒழுங்கா சொல்லிடுவீங்கல்ல?" என்றாள் அக்கா.

"என்ன சொல்லணும்?"

"ரீஃபண்ட்னு."

அத்தான் பழைய இதழ்க் கட்டின் கயிற்றை நிமிண்டிக்கொண்டிருந்தார். அக்கா என்னைப் பார்த்தாள். ஒருவர் மறுத்தாலும் கிரெடிட் அப்படியே நிற்கும். மெயில் வரும். ஃபோன் வரும். அவள் மறுபடி ‘இல்லை’ சொல்ல வேண்டும்.

அலை நின்றது. ஒரு பெண் குரல் வந்தது.

5

அந்தக் குரலுக்கு நான் முகம் வைக்கவில்லை. தொண்டை கட்டியிருந்தது. காலையிலிருந்து கோபக்காரர்களோடு பேசிய தொண்டை. இருவரின் விவரங்களையும் சரிபார்த்துவிட்டு, தட்டச்சு செய்துகொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

"மேடம், இதுல ரெண்டு கோரிக்கை இருக்கே."

"ரெண்டா?"

"பயணம் ரத்தானதும் முதல்ல ரீஃபண்ட்னு ஒண்ணு வந்திருக்கு. உங்க பேர்ல. அதே நாள்ல கொஞ்சம் கழிச்சு கிரெடிட்னு ஒண்ணு, சார் பேர்ல. கடைசியா வந்ததைத்தான் கணக்குல ஏத்தியிருக்காங்க."

அக்கா நிமிர்ந்தாள். "அப்ப நான் போட்டது போய்ச் சேர்ந்திருக்கு. இத்தனை நாளா கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்னு நினைச்சிட்டிருக்கேன்." அத்தானைப் பார்த்தாள். "நீங்க மாத்தினீங்களா?"

"மாத்தலை. சரி பண்ணினேன்." அத்தான் தடுமாறினார். "ரீஃபண்ட்னு மெயில் வந்துது. நீ ஆசைப்பட்ட கப்பலாச்சே, நீ தெரியாம எதையோ அமுக்கிட்டியோன்னு நினைச்சேன்."

"தெரியாம அமுக்கல."

"அப்பவேவா?"

"அப்பவே."

நான் ஜன்னல் மேடையில் காலை மடக்கிக்கொண்டேன். அவர்கள் பிரிந்தது ஊரடங்கு முடிந்த பிறகு. கப்பல் ரத்தானது அது தொடங்கும்போதே. அதாவது அக்கா அந்தக் கேபினுக்குள் போக விரும்பாதது, வீட்டுக்குள் அடைபடுவதற்கும் முன்னால். அது இப்போதுதான் அத்தானுக்குத் தெரிகிறது. ஸ்பீக்கரில், ஒரு அந்நியப் பெண்ணின் முன்னிலையில்.

"முதல் கோரிக்கை கெடுவுக்குள்ள வந்திருக்கு," என்றது குரல். "ரெண்டாவதைப் போட்டவர் வாபஸ் வாங்கினா, முதல்ல போட்டது செல்லும். ஆனா சார்தான் சொல்லணும். வேற யாரும் அவருக்காகச் சொல்லக் கூடாது. சார், லைன்ல இருக்கீங்களா?"

அத்தான் ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என் தொடர்களில் வாரத்தை இங்கேதான் முடிப்பேன். வாசகர் ஏழு நாள் திட்டிக்கொண்டே இருப்பார், அது எனக்குப் பிடிக்கும். இந்த முறை செய்யவில்லை. அக்காவின் கை மேஜை விளிம்பைப் பிடித்திருந்ததைப் பார்த்தவன் செய்ய மாட்டான்.

"எனக்குக் கப்பல்மேல ஆசையில்ல," என்றார் அத்தான். அக்காவிடம் சொன்னாரா, ஃபோனிடமா என்று தெரியவில்லை. "மிச்சதெல்லாம் நாமளா முடிச்சிக்கிட்டது. இதை ரத்து பண்ணினது நாம இல்ல, கம்பெனி. நாம ரத்து பண்ணாதது ஒண்ணாவது இருக்கட்டுமேன்னு வச்சிருந்தேன்."

குரல் அவசரப்படுத்தவில்லை. அதற்காக அவளுக்கு நன்றி.

"அதுக்காக மாசா மாசம் என்கிட்ட கேட்டா எப்படிங்க?" அக்காவின் குரலில் கோபம் இல்லை. "ஒவ்வொரு தடவையும் நான் புதுசா விட்டுட்டுப் போற மாதிரி இருக்கு."

அத்தான் அவளை நிமிர்ந்து பார்த்தார். இதை அவர் யோசித்தே பார்க்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஃபோன் பக்கம் குனிந்தார்.

"வாபஸ் வாங்கிக்கறேன்மா. அவ போட்டதே இருக்கட்டும்."

"நன்றி சார். பதிவுக்காக இன்னொரு தடவை சொல்லணும்."

அக்காதான் முதலில் சிரித்தாள். "உங்க கட்சி ஆளு போலிருக்கு," என்றாள். அத்தானும் சிரித்துவிட்டு, நிறுத்தி, ஒவ்வொரு சொல்லாக மறுபடி சொன்னார்.

பணம் எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அதற்கே திரும்பும், இருவருக்கும் தகவல் தனித்தனியாக வரும் என்றது குரல். "வேற ஏதாவது உதவி வேணுமா மேடம்?"

"அந்தக் கடல் மெயில்..."

"இனிமே வராது மேடம்."

அக்கா நெற்றியை மேஜையில் வைத்துக்கொண்டாள். அவள் முதுகு ஏறி இறங்கியது. தூங்கிவிட்டாளோ என்றுகூட நினைத்தேன். பிறகு அதே நிலையில் ஒரு குரல்: "எனக்குப் பசிக்குது."

6

(இங்கே சில முடிவுகளை எழுதிப் பார்த்தேன். வீணாகக் கூடாது என்பதற்காகக் கீழே தருகிறேன்.)

முடிவு அ: ரீஃபண்ட் வந்த பணத்தில் அத்தான் அதே கப்பலில் இரண்டு டிக்கெட்

(அக்கா இந்தத் தாளைக் கிழித்துவிட்டாள்.)

முடிவு ஆ: அந்தப் பெண் குரல் உண்மையில் கம்பெனியைச் சேர்ந்தவளே இல்லை

(பழக்கதோஷம். மன்னிக்கவும்.)

முடிவு இ: நடந்தது. தெருமுனைக் கடையில் மூன்று பேரும் ரொட்டியும் ஆம்லெட்டும் சாப்பிட்டோம். அக்கா இரண்டு தட்டு. ‘கம்பெனிக்காரன் திரும்ப நீட்டிப்பு ஏதாவது கொடுத்துடப் போறான், சீக்கிரம் சாப்பிடுங்க’ என்று அவளே கிண்டல் செய்தாள். பேசப் பேச அவள் தோள் இறங்கியது. அதுவரை அது ஏறியிருந்ததே எனக்குத் தெரியாது.

அத்தான் தலையைக் குனிந்து சாப்பிட்டார். நடுவில் கைக்குட்டையால் முகத்தை அழுத்தித் துடைத்தார். அக்கா கை கழுவப் போயிருந்த நேரம்.

"அத்தான், இதைக் கதையில போடலாமா?"

"வேர்வைன்னு போடு மாப்ள."

வேர்வை.

கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: "ஒண்ணு சொல்லட்டுமா? எனக்கும் கனம் இறங்கின மாதிரிதான் இருக்கு. மெயில் வந்தா அவளைக் கூப்பிடணுமேன்னு ரெண்டு நாள் தூக்கம் வராது. கூப்பிட்டா என்ன சொல்வான்னும் தெரியும்."

7

ஆசிரியர் படித்துவிட்டுக் கூப்பிட்டார். "அப்புறம் என்ன சார் ஆச்சு? சேர்ந்தாங்களா, இல்லையா?"

தெரியாது என்றேன். அவர் தணிந்த குரலில், "சார், அந்த கஸ்டமர் கேர் நம்பர் இருக்குமா? என்கிட்டயும் ஒரு கிரெடிட் கிடக்கு" என்றார். கொடுத்தேன்.

ஆனால் அவர் கேள்வி என்னையும் அரித்தது. அடுத்த மாதம் கம்பெனியின் மெயில் வரவில்லை. அக்காவிடம் கேட்டேன்.

"அத்தான் ஃபோன் பண்ணினாரா?"

"பண்ணினாரு."

"எதுக்கு? மெயில்தான் வரலயே?"

"மெயிலுக்காக இல்ல. சும்மாதான் பண்ணினாரு."

"என்ன பேசினீங்க?"

"அது உன் கதையில வேணாம்டா."

ஆகவே அந்த ஃபோன் பேச்சு என்னிடம் இல்லை. இருந்தாலும் தர மாட்டேன். என்ன பேசியிருப்பார்கள் என்பதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். பங்கில் வந்த மீன்தொட்டியைப் பற்றி இருக்கலாம். கண் கூசுகிறது, கண்ணாடி மாற்ற வேண்டுமா என்று அவர் கேட்டிருக்கலாம். இருவரையும் கப்பலில் ஏற்றியே தீருவேன் என்று அடம் பிடிக்கிற வாசகராக இருந்தால், ஏற்றிக்கொள்ளுங்கள், புயலும் உங்கள் செலவு. அதற்கு முன் இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டுவிடுங்கள். அக்கா ‘இல்லை’ என்றால், அதோடு விட்டுவிடுங்கள்.